இன்னும் கேட்காத துட்டி

அந்த யோசனை வந்தபோது என் கையில் முட்டை வைத்த ரொட்டித் துண்டு ஒன்று இருந்தது. தின்னவும் மனமில்லை, கீழே வைக்கவும் இடமில்லை. பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஓர் ஒடுங்கின வீட்டின் மாடிப்படியோரம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். முன்னறையில் சவப்பெட்டி திறந்திருந்தது. உள்ளே படுத்திருந்தவர், நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாவின் அண்ணன். இந்த வீடு அவருடையது.

வாசல் கதவைச் சாத்தவே இல்லை. வெளியே ஜனவரி மாதச் சாரல். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரையும் யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை. வந்து, வீட்டுக்காரம்மாவின் கையைப் பிடித்து ஒரே ஒரு வரி சொல்லி, பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று, பிறகு அடுப்படிக்குப் போய் டீ வாங்கிக்கொண்டார்கள். ஒரு சாவு வீட்டில் இவ்வளவு டீயை நான் பார்த்ததே இல்லை.

அப்போது ஒருவர் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதுவரை ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றது. ஒரு கிழவர் எழுந்து அவருக்கு நாற்காலியை விட்டுக் கொடுத்தார். வீட்டுக்காரம்மா கையை நீட்டினார், வந்தவர் பிடித்துக்கொண்டார், அதே ஒற்றை வரியைச் சொன்னார். பெட்டி முன்னால் நின்றார். மற்றவர்களுக்கெல்லாம் யார் யாரோ டீ ஊற்றினார்கள். இவருக்கு மட்டும் வீட்டுக்காரம்மாவே போய் ஊற்றிக்கொண்டு வந்தார். முழுக் கோப்பையையும் குடித்துவிட்டு அவர் எழுந்து போனார். அவர் தெருவில் இறங்கின பிறகு என் பக்கத்தில் நின்ற பெண் காதோடு சொன்னாள்: "அந்த ஆள் ஊரை ரெண்டாப் பிரிக்கிற சுவருக்கு அந்தப் பக்கம். இந்த வீட்டோட பேசி எத்தனையோ வருஷம் ஆச்சு."

'துட்டி' என்று என் மண்டைக்குள் ஒரு குரல் கேட்டது. அம்மாவின் குரல்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் துட்டி என்போம். அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வருவதற்குத் துட்டி கேட்கிறது என்று பெயர். நல்லதுக்கு அழைக்காமல் போகக் கூடாது, துட்டிக்கு அழைக்காமலே போகணும். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், வரப்புத் தகராறுக்காரர்கள், கோர்ட்டில் எதிரெதிரே நிற்கிறவர்கள், யாரும் போகலாம். எதற்கு வந்தாய் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கக் கூடாது. சண்டை முடிந்த ஊரில் மனிதர்கள் திரும்ப எப்படி ஒருவர் வாசலில் ஒருவர் ஏறுகிறார்கள் என்று படிக்கத்தான் கப்பலேறாத குறையாக இங்கே வந்திருந்தேன். முட்டை ரொட்டியோடு நின்றபோதுதான் உறைத்தது. எனக்கும் கேட்க வேண்டிய துட்டி ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது.

அன்றைக்கு நான் செய்தது எங்கள் ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய காரியம். சவம் எடுக்காத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றுதான் வளர்ந்திருக்கிறேன். ஆகவே நீட்டின டீயை எல்லாம் தலையாட்டி மறுத்தேன். ரொட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். சாவு வீட்டில் 'போயிட்டு வாரேன்' சொல்லக் கூடாதே, அதனால் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நழுவி வெளியே வந்தேன். இரண்டு தெரு தள்ளி இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குள் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வெந்நீர் அன்றைக்கென்று வரவில்லை. ஜனவரி மாதம், ஐஸ் தண்ணீர், இடுப்பு வரை முடி. மறுநாள் காய்ச்சல்.

அடக்கம் எல்லாம் முடிந்து வீட்டுக்காரம்மா சூப் கிண்ணத்தோடு மாடிக்கு வந்தார். முகம் சரியாக இல்லை.

"எங்க வீட்டு டீ உனக்கு ஆகாதா?" என்றார். "சொல்லிக்காமகூடப் போயிட்ட. உனக்கு யாரும் மரியாதை குறைச்சலா ஏதாவது செஞ்சாங்களா?"

மூக்கைச் சிந்திக்கொண்டே விளக்கினேன். தண்ணீர், 'வாரேன்', தலைமுழுக்கு எல்லாவற்றையும். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். பிறகு சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இங்க டீ குடிக்கலைன்னாதான் சண்டை" என்றார். "அந்த ஆள் குடிச்சாரே, பார்த்தியா?"

"இனிமே அவரோட பேசுவீங்களா?"

யோசித்தார். "தெரியாது. வழியில பார்த்தா தலையாட்டுவேன். போன வாரம் வரைக்கும் அதுவும் இல்ல."

எனக்கு அந்தத் தலையாட்டல் போதும். என் பங்குக்கு அது கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு சூப்பைக் குடித்தேன். உப்பே இல்லை.

யாருடைய தலையாட்டல் என்று சொல்ல வேண்டும். அவள் என்னோடு படித்தவள். என் வீடு ராஜபாளையம், பள்ளிக்கூடம் ஸ்ரீவில்லிபுத்தூர். அவளுக்கு வீடும் பள்ளிக்கூடமும் அதே ஊர். ஆறாம் வகுப்பில் உயர வரிசையில் நிற்க வைத்தபோது இருவரும் ஒரே உயரம். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தி வளர்ந்துவிடுவாளோ என்று பயந்து முதுகோடு முதுகு வைத்துப் பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்பு வரை வளர்ந்தால் சேர்ந்தே வளர்ந்தோம்.

அவளுடைய அப்பா மினிபஸ் ஓட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் செண்பகத்தோப்புக்கும் நாள் முழுக்கப் போய் வருகிற பஸ். சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து, கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வருவோம். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. கண்ணாடியில் எங்களைப் பார்த்து அவர் சத்தம் போடுவார்.

"ஏ மலையணிலுகளா, டிக்கெட் எங்க?"

"அணிலுக்கு ஏதுப்பா டிக்கெட்?" என்பாள் இவள்.

"அப்ப மேல ஏறிக் கம்பியில தொங்கு. சீட்டு என்னத்துக்கு?"

பஸ் முழுக்கச் சிரிக்கும். கீரைக்கட்டு, ஆட்டுக்குட்டி, ரேஷன் அரிசி மூட்டை எல்லாம் ஏறுகிற பஸ் அது. கடைசி ஸ்டாப்பில் வனத்துறைச் சாவடி இருக்கும். அதைத் தாண்டிப் பஸ் போகாது. அவர் இறங்கி டீக்கடைக்குப் போய்விடுவார். இன்ஜின் நின்ற பஸ்ஸுக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மலை அவ்வளவு கிட்டத்தில் இருக்கும். சாவடிக்குப் பின்னால் கொய்யா விற்கிற ஆளிடம் அவர் இரண்டு காய் வாங்கி, ஜன்னல் வழியாக எங்கள் மடியில் போட்டுவிட்டுப் போவார். எது பெரிய காய் என்று அவள் பார்க்கவே மாட்டாள். பெரியது என் கையில் இருக்கும்.

"நீ எங்கயாச்சும் போயிருவட்டி" என்று ஒருநாள் சொன்னாள். "ஒரு எடத்துல ஒனக்கு இருப்புக் கொள்ளாது."

"நீ?"

"நான் இந்த சீட்டுலதான் இருப்பேன். திரும்பி வந்தா வா."

எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மணிக்கட்டில் கயிறு கட்டியிருந்தார்கள். எந்தத் தெருவுக்கு எந்தக் கலர் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் தெருவுக்கு ஒன்று, எங்கள் ஆட்களுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் மெடிக்கலுக்குப் போகிற கட்டுத்துணி நெய்கிற தறி ஓடுகிறது. அப்பா மீந்த நூலைச் சுருட்டி வைத்திருப்பார். அந்த வெள்ளை நூலை நான் கொண்டுபோனேன், ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டோம். பி.டி. டீச்சர் கூப்பிட்டு, "இது எந்த ஊர்க் கலர்?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரிக் கலர் டீச்சர்" என்றாள் அவள். பல வருஷம் கழித்து, பெல்ஃபாஸ்ட்டில் தெருவோரக் கல்லுக்கெல்லாம் இந்தப் பக்கம் ஒரு வண்ணமும் அந்தப் பக்கம் வேறு வண்ணமும் அடித்திருப்பதைப் பார்த்ததும் என் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைத் தடவியது.

பன்னிரண்டாம் வகுப்பில், பரீட்சைக்கு முன்னால், ஒரு திருவிழா ராத்திரி ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று கிழிந்தது. யார் கிழித்தார்கள் என்பதில் ஆரம்பித்துப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அடிதடியாக முடிந்தது. அவளுடைய அண்ணனுக்கு வலது கை நொறுங்கிவிட்டது. போலீஸில் அவன் கொடுத்த பெயர்களில் என் மாமாவின் பெயரும் இருந்தது. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்துகொண்டு மோட்டார் காயில் கட்டுகிறவர். அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை என்று அவர் சொல்கிறார். போனார் என்று அவன் சொல்கிறான். கேஸ் இன்றைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடக்கிறது. அவன்தான் முக்கியச் சாட்சி.

அவள் பரீட்சைக்கு மட்டும் வந்தாள். கடைசிப் பரீட்சை அன்று சைக்கிள் ஸ்டாண்டில் என் முன்னால் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இனிமே எனக்குப் போன் பண்ணாதட்டி" என்றாள். "எங்கண்ணன் முன்னாடி நான் எடுக்க முடியாது. எடுக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

அவ்வளவுதான். வெள்ளை நூல் அவள் கையில் இருந்ததா என்று பார்க்க விட்டுப்போயிற்று. நான் போன் பண்ணவில்லை. நம்பர் மனப்பாடம். இன்றுவரை ஏதாவது யோசனையில் விரல் அந்த வரிசையில்தான் தாளம் போடும்.

மதுரையில் டிகிரி முடித்துவிட்டு, உதவித்தொகையோடு வெளிநாட்டில் அமைதியும் நல்லிணக்கமும் படிக்கலாம் என்று ஓர் அறிவிப்பைப் பார்த்தபோது நான் இரண்டாவது தடவை வாசிக்கக்கூட இல்லை, விண்ணப்பித்துவிட்டேன். வீட்டில் அதற்கு என்ன பெயர் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

"சமாதானத்துக்கு ஒரு படிப்பா?" என்றார் மாமா. "பஞ்சாயத்துப் பண்ணச் சீமைக்குப் போகணுமாக்கும். நம்ம ஊர்ல ஆலமரத்தடிக்கா பஞ்சம்?"

"ஆலமரத்தடியில பொம்பளைப் பிள்ளைய உக்கார விடுவீங்களா மாமா?"

"அது சரி" என்றார். "அதுக்கு நீ சீமைக்கே போ."

அப்பா தறியை நிறுத்தாமலே, "குளிருக்குத் துணி எம்புட்டு வேணும்னு கேளு" என்று அம்மாவிடம் சொன்னார். அவருடைய சம்மதம் அது.

படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க விருப்பமில்லை. வகுப்பில் முதல் கையைத் தூக்குகிறவள் நான்தான். சுவர்களைப் பார்க்கப் போனோம். வீடுகளைவிட உயரமான சுவர். நடுவில் இரும்புக் கதவு. பகலில் திறந்திருக்கும், சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். சண்டை முடிந்து ஒப்பந்தம் போட்டு ஒரு தலைமுறை ஆகியும் கதவைப் பூட்டத்தான் செய்கிறார்கள். ஏன் இன்னும் பூட்டுகிறீர்கள் என்று ஒரு கிழவியிடம் கேட்டேன். பூட்டினால் நன்றாகத் தூங்குகிறேன் என்றார். தூக்கம் என்றதும் எனக்குச் சைக்கிள் ஸ்டாண்டு ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு வகுப்பில் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் தனக்கு நேர்ந்த பிரிவைச் சொல்ல வேண்டும், மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். எனக்கு ஜோடி போஸ்னியாவிலிருந்து வந்த ஒரு பையன். நான் மினிபஸ், கொய்யாக்காய், வெள்ளை நூல் எல்லாம் சொன்னேன். முடித்ததும் அவன் ரொம்ப மெதுவாகக் கேட்டான்: "அவள் எப்போது இறந்தாள்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாகவில்லை. எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் அவள் வீடு."

"மன்னித்துக்கொள். நீ சொன்ன விதம் அப்படி இருந்தது" என்றான்.

அந்த ஐப்பசியில்தான் செய்தி வந்தது. ஊரில் நல்ல மழை என்று அம்மா வீடியோ காலில் ஜன்னலைக் காட்டினாள். பிறகு போனைத் தன் முகத்துக்குத் திருப்பாமலே சொன்னாள்.

"மினிபஸ்காரவுக வீட்டுல துட்டியாயிருச்சு பாப்பா. அவிய அப்பாதான். நெஞ்சுவலி. பஸ்ஸ ஓரமா நிப்பாட்டிட்டு, அப்பிடியே ஸ்டியரிங்ல சாஞ்சுட்டாராம். ஏறியிருந்த ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல."

ஜன்னலில் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னைக்கு?"

"போன வாரம். ஒனக்குப் பரீட்சையோ என்னமோன்னு சொல்லல."

"நம்ம வீட்டுலருந்து யாரு போனா?"

பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது. "எப்பிடிப் போக?" என்றாள் கடைசியில். "கேஸு நடக்குல்லா."

நான் கத்தினேன். இங்கே என்ன படிக்கிறேன் தெரியுமா என்றெல்லாம் பேசினேன். அவள் "அடுப்புல இருக்கு, பொறவு பேசு" என்று வைத்துவிட்டாள். மினிபஸ்காரர் மகளுக்கு ஒரு வரி அனுப்பலாமா என்று நம்பரை அழுத்தி அழுத்தி அழித்தேன். போனில் துட்டி கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. நேரில் போய்த் தரையில் உட்கார்ந்தால்தான் அது துட்டி. போனில் சொன்னால் அது வெறும் தகவல். அதோடு, போன் பண்ணாதே என்று அவள் சொன்னது இன்னும் அப்படியே இருந்தது. மூன்று மாதம் கழித்து அந்த முட்டை ரொட்டி கையில் இருந்தபோதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வெளியூரில் இருந்தவர்கள் திரும்பி வந்ததும் போய்க் கேட்கலாம். எங்கள் பெரியப்பா ஒருத்தர் பம்பாயிலிருந்து அப்படி மாதக்கணக்கு கழித்து வந்து கேட்டிருக்கிறார். வருஷம் திரும்புவதற்குள் போய்விட வேண்டும். திவசம் முடிந்துவிட்டால் அந்த வாசல் திரும்பச் சாதாரண வாசலாகிவிடும். அப்புறம் அழைப்பு இல்லாமல் ஏற முடியாது. அழைக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

படிப்பு முடிந்து புரட்டாசியில் ஊருக்கு வந்தேன். வந்த மறுநாளே அடுப்படியில் அம்மாவோடு ஆரம்பித்துவிட்டேன்.

"அன்னைக்கு நீ போயிருக்கணும்மா. நீ போயிருந்தா இன்னைக்கு எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. அவரு உன் பிள்ளைய எத்தனை நாள் பஸ்ல ஏத்தியிருக்காரு?"

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மாமா நிலைப்படியில் நின்றிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"ஒங்கம்மா போகலன்னு யாரு சொன்னா?" என்றார்.

"நீ சும்மா கெடடா" என்றாள் அம்மா.

"அன்னைக்கு மீந்த காயில் கம்பி எடுக்க வந்தேன். மத்தியானம். மழை வேற தூறுது. இவ வாசக் குழாயடியில சேலையோட நின்னு தலைக்கு ஊத்திக்கிட்டிருக்கா. காலையிலதான் குளிச்சுச் சீவி முடிஞ்சு பூ வச்சிருந்தா, நான் பார்த்தேன். ஒரு பொம்பள மத்தியானத்துல வாசல்ல நின்னு தலைக்கு ஊத்துனா எங்க போய்ட்டு வந்திருக்கான்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தோசைக்கல்லைப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் நீங்க ஒண்ணும் கேக்கலியா மாமா?"

"என்னத்தக் கேக்க? கேட்டா சொல்லிருவா. சொல்லிட்டாப் பொறவு நான் கோவப்படணும்."

அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது உண்மை. கோவில் பக்கம் சம்பங்கி மாலை வாங்கினாள். நடந்தே அவர்கள் தெருமுனை வரைக்கும் போனாள். பந்தல் தெரிந்தது, பிளாஸ்டிக் நாற்காலியில் ஆண்கள் வரிசையாக இருந்தது தெரிந்தது. முன்னால் செத்தவரின் மகன் நின்றிருந்தான், நொறுங்கின அந்தக் கையோடு. வருகிறவர்களை எல்லாம் இடது கையால் தொட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான்.

"அதுக்கு மேல கால் நகரலட்டி" என்றாள்.

"மாலை?"

"அதான். துட்டி மாலைய வாங்கிட்டா வீட்டுக்குத் திரும்பக் கொண்டாந்துரக் கூடாதுல்லா. குப்பையில போடவும் மனசு வரல. செத்த நேரம் அங்கனயே நின்னேன். அவரு ஓட்டுன பஸ்ஸு தெருமுனையிலதான் நின்னுச்சு, கண்ணாடியில அவரு படம் ஒட்டி. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அதுல போட்டுட்டு வந்துட்டேன்."

அந்தக் கண்ணாடி எனக்குத் தெரியும். பின்னால் வருகிற வண்டிகளை அவர் பார்க்கிற கண்ணாடி.

"அவ பாத்தாளா?"

"தெரியல. நான் திரும்பிப் பாக்கல. துட்டி வீட்டுலருந்து வரும்போது திரும்பிப் பாக்கக் கூடாது."

"நீதான் வீட்டுக்குள்ளயே போகலியே."

"போகாட்டி என்ன, துட்டி துட்டிதான்" என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் போகப் போகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். மாமா எதிர்பார்த்திருந்தார் போல.

"வக்கீல் என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? அந்த வீட்டு வாசப் பக்கம் நம்ம ஆளு ஒருத்தரும் போகக் கூடாது. போனா சாட்சியக் கலைக்கப் பாக்குறாங்கன்னு கோர்ட்டுல சொல்லிருவாங்க. கேஸ் எனக்குத்தான் கெடும், ஒனக்கு இல்ல."

அவர் சொன்னது நியாயம்தான். அதுவரை நான் யோசிக்காத நியாயம். என் ஆசைக்கு அவருடைய கழுத்தைப் பணயம் வைப்பதா? ஒரு வருஷம் படித்த படிப்பில் இதற்கு ஒரு பதிலும் இல்லை. இருந்திருந்தால் நானே முதல் கையைத் தூக்கியிருப்பேன்.

"வேண்டாம்னா போகல மாமா" என்றேன். மனதார இல்லை, ஆனால் சொன்னேன்.

மாமா டெஸ்டரை எடுத்து அதன் முனையைத் துடைத்தார். மறுபடி பையில் வைத்தார். "துட்டிக்குப் போறவளைத் தடுத்த பாவம் எனக்கு வேண்டாம்" என்றார். "போ. என் பேரச் சொல்லாத. கேஸப் பத்தி ஒத்த வார்த்தை எடுக்காத. அவன் எடுத்தாலும் நீ எடுக்காத." வாசல்படி இறங்கினவர் நின்று, திரும்பாமலே சொன்னார்: "அவன் கை இப்ப எப்பிடி இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வா."

அவள் இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போகிறாள் என்று பழைய பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி சொன்னாள். செவ்வாய், வெள்ளி துட்டிக்கு ஆகாது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றுமில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். ஐப்பசி பிறக்கப் போகிறது. ஆகவே இந்த ஞாயிறு.

சிநேகிதிக்கென்று பெல்ஃபாஸ்ட்டில் ஒரு கம்பளிக் கழுத்துத் துணி வாங்கியிருந்தேன். வெள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று கடைக்காரன் முன்னால் நின்று சிரித்துக்கொண்டே வாங்கினேன். அதைக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு அம்மா முறைத்தாள்.

"வெறுங்கையாப் போகணும். பழம் கிழம்கூட வாங்கிராத."

பெட்டிக்குள்ளேயே இருக்கிறது அது. ராத்திரி பெட்டியைத் திறக்கிறபோதெல்லாம் அந்தக் கம்பளி வாசனை வருகிறது, மூடிவிடுகிறேன்.

போய் என்ன பேசுவது என்று யோசித்து யோசித்து, பேசத் தேவையே இல்லை என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே தைரியம். உள்ளே போய்ப் பெண்களோடு தரையில் உட்கார வேண்டும். அவள் வந்து கட்டிக்கொண்டு அழலாம். வராமலும் இருக்கலாம். அடுப்படியிலேயே நின்றுகொண்டு நான் போகிற வரைக்கும் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் எதற்கு வந்தாய் என்று கேட்க மாட்டாள். அவருடைய படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வர வேண்டும். வரும்போது ஒன்றும் சொல்லக் கூடாது. அதுதான் கஷ்டம். எனக்கு அந்த வீட்டில் சொல்ல வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். 'வாரேன்'. அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு படியிறங்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று கடைக்குப் போனபோதுகூட அம்மாவிடம் சொல்லாமல் இறங்கிப் பார்த்தேன். தெருமுனை தாண்டவில்லை, திரும்பி வந்து சொல்லிவிட்டுத்தான் போனேன்.

"டீ குடுத்தா?" என்று கேட்டேன் அம்மாவிடம்.

"இப்பக் குடிக்கலாம். வருஷம் ஆகப் போகுதுல்லா. குடுத்தா குடிச்சிரு." அப்புறம் அவளாகவே, "குடுக்கணுமே" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே போகலாம் என்பது திட்டம். செண்பகத்தோப்பு மினிபஸ் அந்த நேரத்துக்கு நின்றால் ஏறி, தெருமுனையில் இறங்கிக்கொள்ளலாம். இப்போது வேறு ஆள் ஓட்டுகிறாராம். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் போவேன்.

அம்மாவும் வருகிறாள். போன தடவை நின்ற இடத்தைத் தாண்டி எத்தனை எட்டு வைப்பாள் என்று அவளுக்கே தெரியாது. சேலை எடுத்து வைத்துவிட்டாள். திரும்பி வந்ததும் ஊற்றிக்கொள்ள வாசல் குழாயடியில் தண்ணீர் பிடித்து வைக்கும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள், இரண்டு வாளி.